குன்மிங்கில் முப்பதாவது நாள்

அந்த ஊரில் வெயிலும் இல்லை, குளிரும் இல்லை. வருடம் முழுக்க அப்படித்தானாம். விடுதி வாசலில் ஒரு பலகையில், இது என்றைக்கும் வசந்தமாக இருக்கும் நகரம் என்று ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தார்கள். முதல் நாள் வாசித்தபோது நல்லதுதானே என்று நினைத்தேன். பத்தாம் நாள் அந்தப் பலகையைக் கழற்றி ஏரிக்குள் எறிந்தால் என்ன என்று தோன்றியது.

ஊரின் பெயர் குன்மிங். சீனாவின் தெற்குப் பக்கம். 2008ஆம் ஆண்டு மாசியிலும் பங்குனியிலும் நானும் றஸ்மியும் அங்கே முதுகில் பெரிய பை சுமந்து ஊர் சுற்றும் உல்லாசப் பயணிகளாக இருந்தோம். அப்படி இருக்கச் சொல்லி ஏஜென்சிக்காரனின் உத்தரவு. உண்மையில் நாங்கள் கனடாவுக்குப் போக வெளிக்கிட்டவர்கள்.

என் பெயர் நிஷாந்தன். அப்போது முப்பத்தெட்டு வயது. வன்னியில் கண்டாவளை என்ற ஊரில் உழவு மெசின் ஓட்டிக்கொண்டிருந்தவன். அப்பாவும் அம்மாவும் எழுபத்தேழுக் கலவரத்தோடு தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் காணி பிடித்து, இரண்டு பேரும் அங்கேயே கண்ணை மூடினார்கள். அக்கா ஜெகதீஸ்வரி கலியாணம் கட்டிக் கனடாவுக்குப் போய்விட்டாள். வீட்டில் மிச்சம் நானும் தம்பி பாலனும்தான். அவனுக்கு இருபத்துமூன்று. குன்மிங்கில் நான் பட்ட பாடெல்லாம் அவனை வைத்துத்தான்.

வன்னியிலிருந்து வெளியே போவதென்றால் அந்த நாட்களில் அங்கே ஆட்சி நடத்திய இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும். பாஸ் சும்மா கிடைக்காது. போகிறவர் திரும்பி வருவார் என்று வீட்டு ஆள் ஒருவர் பொறுப்புக் கையெழுத்து வைக்க வேண்டும். குறித்த நாளுக்குள் போனவர் வராவிட்டால் கையெழுத்து வைத்தவரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். எங்கே, எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. சண்டை நடக்கும் இடத்துக்கு ஆள் தேவைப்பட்ட காலம் அது. இளம் ஆட்களுக்குப் பாஸே கிடையாது. எனக்குக் கண்ணில் படலம், வவுனியா ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும் என்று கடிதம் எடுத்தேன். முப்பது நாள் தந்தார்கள். பாலன் பொறுப்பு நின்றான்.

ஏஜென்சி இருபது நாளில் கனடாவில் இறக்குவதாகச் சொல்லியிருந்தது. இருபதில் நான் இறங்கினால் கையில் இன்னும் பத்து நாள். அங்கேயுள்ள இயக்க ஆட்களோடு நானும் அக்காவும் கதைத்தால் பொறுப்பு நின்றவனை விட்டுவிடுவார்கள். அப்படி இரண்டு பேரை விட்டதாக ஊரில் கதை இருந்தது. கதைப்பதென்றால் காசோடு கதைப்பதென்று எல்லாருக்கும் தெரியும். அந்தக் கதையை நம்பித்தான் வெளிக்கிட்டேன். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சும்மாவா சொன்னார்கள்.

"நீ போ அண்ணா. ரெண்டு பேரும் இஞ்ச கிடந்து என்ன செய்யிறது?" என்றான் பாலன்.

"பிந்தினால்?"

"பிந்தாமல் போ."

அவ்வளவுதான் சொன்னான். சொல்லிவிட்டுச் சைக்கிளில் என்னை ஏற்றிக் கொண்டுபோய்ச் சந்தியில் பஸ் ஏற்றிவிட்டான்.

கொழும்பில் ஆறு நாள், பாங்கொக்கில் ஐந்து நாள் போனது. குன்மிங்கில் இறங்கியபோது பன்னிரண்டாவது நாள். விமான நிலையத்துக்கு வந்து எங்களைக் கூட்டிப்போன ஆளை நாங்கள் 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிட வேண்டும். எந்த ஊர்த் தமிழன் என்று கடைசிவரை பிடிபடவில்லை. அவர்தான் எங்களுக்கு உல்லாசப் பயணிகளாக இருப்பது எப்படி என்று பாடம் எடுத்தார். முடி வெட்டக்கூடாது. முழங்கால் தெரிய அரைக் களிசான் போட வேண்டும். கையில் எப்போதும் வரைபடம் இருக்க வேண்டும். பத்துப் பேர் படுக்கும் அறையில் வெள்ளைக்காரரோடு படுக்க வேண்டும். யாரைக் கண்டாலும் பல்லைக் காட்ட வேண்டும். பத்துப் பதினைந்து நாள் இப்படிச் சீனாவைச் சுற்றிப் பார்த்த ஆள் என்றால் அடுத்த விமான நிலையத்தில் ஒருவரும் சந்தேகப்படமாட்டார்களாம்.

பை பெரிதாக இருந்தது. எனக்குச் சொந்தமாக இரண்டு சேட்டும் உடுக்க ஒரு சாரமும்தான். வெறும் பை தொங்கினால் ஆள் பிடிபட்டுவிடும் என்று மாஸ்டர் பழைய பேப்பர்க் கட்டும் ஒரு தலையணையும் தந்து அடைக்கச் சொன்னார். நான் குன்மிங் முழுக்கத் தலையணை சுமந்து திரிந்தேன்.

என்னோடு வந்த றஸ்மியைக் கொழும்பில்தான் முதன்முதல் கண்டேன். முல்லைத்தீவு தண்ணீரூற்று ஆள். தொண்ணூறாம் ஆண்டு இயக்கம் முஸ்லிம்களை ஊரை விட்டு எழும்பச் சொன்னபோது அவனுக்குப் பதினாறு வயது. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு, சமாதானம் என்றார்கள் என்று 2003இல் திரும்பி வந்து சில்லறைக் கடை போட்டான். மூன்று வருடத்தில் மறுபடி சண்டை. கடையைப் பூட்டிக்கொண்டு வவுனியாவுக்கு வந்தான். மனுசி ஸஹீலாவும் இரண்டு பிள்ளைகளும் இப்போது புத்தளத்தில். பட்ட காலே படும் என்பதற்கு ஆள் வேண்டுமென்றால் அவனைக் காட்டலாம். ஆனால் என்னைப் போல உர்ரென்று இருக்கமாட்டான்.

எங்கள் அறையில் ஓர் ஒல்லாந்துப் பெண் இருந்தாள். நல்ல பிள்ளைதான். ஊரில் குளிர் பொறுக்கவில்லை என்று வேலையை விட்டுவிட்டு ஐந்து மாதமாக நாடு நாடாகப் போய்க்கொண்டிருக்கிறாளாம். றஸ்மியிடம், நீங்கள் எவ்வளவு காலமாகப் பயணம் செய்கிறீர்கள் என்று கேட்டாள். றஸ்மி யோசிக்காமல், தொண்ணூறாம் ஆண்டிலிருந்து என்றான். அவனுக்கு ஓடுகிற ஆங்கிலத்தில் வேறு என்ன சொல்வது. அவள் வாயில் கை வைத்தாள். பதினெட்டு வருடப் பயணமா என்று அறை முழுக்கச் சொன்னாள். அன்றிலிருந்து வெள்ளைக்காரப் பொடியன்கள் அவனுக்குத் தேத்தண்ணீர் வாங்கித் தருவதும், எந்தச் சப்பாத்து நல்லது என்று கேட்பதுமாக ஒரே மரியாதை.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது. வீட்டுக்கு எப்போது போவதென்று இன்னும் முடிவு செய்யவில்லை என்று அந்தப் பெண் சாதாரணமாகச் சொன்னாள். எனக்கு நாள் குறித்திருந்தது. பதினைந்தாம் நாள், பதினாறாம் நாள் என்று மண்டைக்குள் ஓடிக்கொண்டேயிருந்தது.

மாஸ்டர் இரண்டு நாளுக்கு ஒரு தடவை வருவார். எங்களுக்கு மலேசியப் பாஸ்போட் வர வேண்டும், அது வந்தால் மறுநாளே பறக்கலாம் என்பார். எப்போது வரும் என்றால் நாளைக்கு. நாளைக்குக் கேட்டால் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை கேட்டால், அந்த வருடம் அவர்கள் நாட்டில் ஒலிம்பிக், எல்லா இடமும் காவல் கூடிவிட்டது, அவசரப்பட வேண்டாம் என்பார். "ஊரைச் சுத்திப் பாருங்கோவன், எவ்வளவு வடிவான ஊர்" என்பார்.

வடிவான ஊர்தான். அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். நடுவில் ஒரு பச்சை நிற ஏரி. வடக்கே எங்கோ பனி கொட்டுகிறதென்று ஆயிரக்கணக்கில் வெள்ளைக் கடற்பறவைகள் அங்கே வந்து கிடந்தன. சனம் பாண் வாங்கி மேலே எறிய, அவை பறந்தபடியே கவ்வின. வயதுபோன ஆண்களும் பெண்களும் கூட்டம் கூட்டமாக நின்று ஆடினார்கள். இரண்டு நரம்பு வாத்தியம் ஒன்றை ஒரு கிழவர் மடியில் வைத்து இழுக்க, பக்கத்தில் ஒரு மனுசி தொண்டை கிழியப் பாடினா. வேலை நாளில் காலை பத்து மணிக்கு ஆடுகிறார்களே, இவர்களுக்குக் கவலையே கிடையாதா என்று எனக்கு அவர்கள் மேலும் எரிச்சல். நடைபாதை முழுக்கப் பூ விற்றார்கள். மாலை கட்ட அல்ல, சும்மா வீட்டில் வைத்துப் பார்க்க.

ஒரு நாள் சாப்பாட்டுக் கடையில் சட்டி போலப் பெரிய கோப்பை நிறையச் சூப் கொண்டுவந்து வைத்தார்கள். ஆவி பறக்கவில்லை. ஆறிப்போயிற்று என்று றஸ்மி ஒரு வாய் எடுத்துக் குடித்தான். மேலே எண்ணெய் மூடியிருந்ததால் ஆவி தெரியவில்லையே தவிர, உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. நாக்கு வெந்து, இரண்டு நாள் அவன் பேச்சு மழலையாக இருந்தது. அரிசிமாவில் செய்த இடியப்பம் போன்ற ஒன்றை அந்தக் கொதிக்கும் சூப்பில் போட்டுத்தான் சாப்பிட வேண்டுமாம். அந்த ஊரில் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்று மட்டும்தான்.

அந்தக் கடையும் முஸ்லிம் கடைதான். குன்மிங்கில் முஸ்லிம்கள் இருந்தார்கள். முகம் சீனமுகம், தலையில் வெள்ளைத் தொப்பி. றஸ்மி பள்ளிவாசலைக் கண்டுபிடித்துச் சலாம் சொன்னான். அவ்வளவுதான், சொந்தக்காரன் வந்ததுபோலக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்கள்.

"அவங்கட கதை எனக்கு விளங்கேல்ல, என்ர கதை அவங்களுக்கு விளங்கேல்ல. ஆமீன் மட்டும் எல்லாருக்கும் விளங்கினது" என்றான் திரும்பி வந்து. கையில் எனக்கும் சேர்த்து ரொட்டி.

"என்ன கேட்டனீ அல்லாவிட்ட?"

"பிள்ளையளைக் கேட்டனான். உன்ர தம்பியையும் ஒருக்காச் சொல்லி வச்சனான்."

அவனுக்குக் கேட்க ஓர் இடம் இருந்தது. எனக்கு இல்லையே என்று பொறாமையாக இருந்தது. அடுத்த நாள் தனியாக நடந்து ஒரு புத்த கோயிலுக்குள் போனேன். குளத்துக்கு நடுவே கோயில். ஊரில் என்றால் புத்தர் சிலையைக் கண்டதும் பக்கத்தில் ஆமிக் காம்ப் எங்கே என்று தேடுகிற ஆள் நான். இந்தப் புத்தர் வேறு, இவருக்கு எங்கள் சண்டை தெரியாது என்று மனதைத் தேற்றிக்கொண்டு, எப்படியாவது முப்பதுக்குள் என்னை அனுப்பிவிடு என்று கும்பிட்டேன். அன்றைக்கு இருபத்துநான்காம் நாள்.

இருபத்தேழாம் நாள் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். நீ முதலில் கதைத்து வையேன் என்று கெஞ்சினேன்.

"நான் தனியப் போய் நிண்டு என்னெண்டு கதைக்கிறது? ஆள் எங்க எண்டெல்லோ முதல் கேப்பினம். நீ வந்து இறங்கு, ரெண்டு பேருமாப் போவம்" என்றாள். அவள் அழத் தொடங்கினாள். நான் வைத்துவிட்டேன்.

முப்பதாம் நாள் விடிந்தது. வழக்கம்போல இளம் வெயில். மரங்களில் ரோஸ் நிறப் பூ வெடித்திருந்தது. கிளிநொச்சியில் ஒரு தொலைபேசிக் கடை இருந்தது. முதல் நாளே எடுத்து ஆளைச் சொல்லி வைத்தால், மறுநாள் சொன்ன நேரத்துக்கு வந்து காத்திருப்பார்கள். பாலன் காத்திருந்தான். முதல் மணி முழுதாக அடிக்கவில்லை, எடுத்துவிட்டான்.

"அண்ணா, எங்க நிக்கிறாய்?"

நான் நின்று கதைத்த கடையை நடத்திய சீன மனுசி கதிரையில் சாய்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தா. உண்மை நாக்கு நுனிவரை வந்தது. இன்னும் பாதி வழியில்தான் நிற்கிறேன், ஒன்றும் நடக்கவில்லை, எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை என்று சொல்ல வேண்டியதுதான். சொன்னால் அவன் பயந்துபோவான். அவனால் அங்கே என்ன செய்ய முடியும்? மாஸ்டர் அன்று காலைதான் பாஸ்போட் தெற்கே எல்லைப் பக்கம் ஓர் ஊருக்கு வந்துவிட்டது, போய் எடுத்து வந்தால் சரி என்று சொல்லியிருந்தார். இன்னும் ஒரு கிழமை. ஒரு கிழமை அவன் நிம்மதியாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன்.

"வந்திட்டன்" என்றேன்.

"கனடாவுக்கோ?"

"ஓம்."

"உண்மையாத்தானே சொல்லுறாய்?"

"பின்ன என்ன பொய்யா?" என்று எரிந்து விழுந்தேன். பொய் சொல்கிறவனுக்குத்தான் முதலில் கோபம் வரும்.

 

"சரி அண்ணா. அப்ப நான் இருக்கிறன்" என்றான். பிறகு, "அங்க குளிரோ?" என்று கேட்டான்.

"ஓம், சரியான குளிர்" என்றேன். கடைக் கண்ணாடிக்கு வெளியே பிள்ளைகள் அரைக்கை உடுப்போடு ஐஸ் பழம் சூப்பிக்கொண்டு போனார்கள்.

மாஸ்டர் சொன்ன ஊருக்குப் போக ஒரு பகல் முழுக்க பஸ் ஓடியது. அங்கே வாழைத் தோட்டமும் புழுக்கமுமாக எங்கள் ஊர் வாசம் அடித்தது. பாஸ்போட் கொண்டுவர வேண்டியவன் ஐந்தாறு நாள் பிந்தி வந்து, எங்கள் படம் ஒட்டிய மலேசியப் பாஸ்போட் இரண்டைத் தந்தான். இரண்டையும் என் பைக்குள், பேப்பர்க் கட்டின் நடுவில் வைத்தோம். முப்பத்தெட்டாம் நாள் குன்மிங்குக்குத் திரும்பும் பஸ்ஸில் ஏறினோம். பஸ் நிறைய முதுகுப் பைக்காரர். எங்கள் அறை ஒல்லாந்துப் பெண்ணும் அந்தப் பக்கம் சுற்றிப் பார்க்க வந்தவள் அதே பஸ்ஸில் இருந்தாள். எங்களைக் கண்டு கையாட்டிவிட்டுத் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்கிவிட்டாள்.

மத்தியானம் பஸ் நின்றது. வீதியை மறித்துக் கம்பு. பச்சைச் சீருடை போட்ட இரண்டு பேர் ஏறினார்கள்.

இனி நான் சொல்லப்போவது எங்கள் ஊர் ஆளுக்கு மட்டும்தான் விளங்கும். எங்களிடம் பஸ் சோதனைச் சாவடியில் நின்றால் ஆட்கள் இருக்கையில் இருப்பதில்லை. ஒருவரும் சொல்லத் தேவையில்லை. பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, வரிசையில் நின்று, அடையாள அட்டையைக் கையில் பிடித்து, பையை நிலத்தில் வைத்துத் திறந்து, உள்ளதெல்லாம் எடுத்து வெளியே வைத்து, கையை விரித்துக்கொண்டு நிற்க வேண்டும். பிறகு அடுத்த பக்கம் நடந்து போய் பஸ்ஸில் ஏற வேண்டும். வன்னிக்கு வாசலான ஓமந்தைச் சாவடியில் நான் எத்தனை தடவை அப்படி நின்றிருப்பேன் என்று கணக்கில்லை. இருக்கையில் இருக்கிறவன்தான் சந்தேகத்துக்குரியவன். வருடக்கணக்காகப் பழகினது அது.

சீருடையைக் கண்டதும் எழும்பினேன். யோசித்து எழும்பவில்லை. கால்தான் எழும்பியது. றஸ்மி பின்னாலிருந்து சேட்டைப் பிடித்து இழுத்தான்.

"இருடா மச்சான், ஒருத்தரும் இறங்கேல்ல" என்றான் வாய்க்குள்.

காதில் விழுந்தது. ஆனாலும் பையோடு வாசலில் இறங்கிவிட்டேன். அந்தக் காவல்காரன் சின்னப் பொடியன். முதலில் சிரித்தான். உள்ளே போய் இருங்கள் என்று கையால் காட்டினான். மற்ற எல்லோரும் இருந்த இடத்திலிருந்தே பாஸ்போட்டைக் காட்ட, அவர்கள் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நானோ வீதியோரம் பையை வைத்து, சிப்பை இழுத்து, சாரத்தை எடுத்து விரித்து, தலையணையை அதன்மேல் வைத்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன்.

அவன் தலையணையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். தலையணை சுமந்து ஊர் சுற்றும் பயணியை அவன் அதற்குமுன் கண்டிருக்கமாட்டான். சிரிப்பு மெல்ல நின்றது. குந்தியிருந்து பேப்பர்க் கட்டை ஒவ்வொரு தாளாகப் பிரிக்கத் தொடங்கினான். நான் கையை இறக்கவில்லை. இறக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லையே.

பாஸ்போட் இரண்டும் வெளியே விழ, றஸ்மியையும் இறக்கினார்கள். பஸ் எங்களை விட்டுவிட்டுப் போனது. ஒல்லாந்துப் பெண் கடைசிவரை எழும்பவில்லை.

அன்று பின்னேரம் பூட்டிய அறைக்குள் றஸ்மி என்னைக் கொல்லுவான் என்றுதான் எதிர்பார்த்தேன். அவனுடைய பிள்ளைகளின் வாழ்க்கையையும் சேர்த்தல்லவா வீதியில் விரித்து வைத்தேன். அவன் வந்து எனக்குப் பக்கத்தில் சுவரோடு சாய்ந்து இருந்தான்.

"நானும் எழும்பத்தான் பாத்தனான் மச்சான். நீ முந்தீட்டாய்" என்றான் பிறகு.

அது உண்மையா, என்னைத் தேற்றச் சொன்னதா தெரியாது. நான் குழந்தைப் பிள்ளை போல அழுதேன்.

ஐந்து மாதம் உள்ளே வைத்திருந்தார்கள். அடிக்கவில்லை, நேரத்துக்குச் சோறு தந்தார்கள். தம்பிக்கு ஒரு தொலைபேசி எடுக்க வேண்டும் என்று யாருக்குச் சொல்வது, எந்த மொழியில் சொல்வது? கையைக் காதில் வைத்துக் காட்டுவேன். தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். சன்னலில் அதே வெளிச்சம், அதே காற்று. ஆனி வந்தது, ஆடி வந்தது, அங்கே ஒன்றும் மாறவில்லை. சாப்பிட்டேன், படுத்தேன், இருந்தேன். கோபப்படக்கூட ஆள் இல்லை.

ஆவணியில் கொழும்புக்கு ஏற்றிவிட்டார்கள். கள்ளப் பாஸ்போட் வழக்கென்று அங்கேயும் ஒரு மாதம் மறியல் வீட்டில் அடைத்தார்கள். றஸ்மி புத்தளத்துக்குப் போனான். நான் வவுனியாவுக்கு வந்தபோது ஐப்பசி பிறந்துவிட்டது. வந்த அன்றே கண்டாவளை ஆள் ஒருவரைச் சந்தையில் கண்டேன். பாலனைப் பங்குனியிலேயே வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்றார். பாஸ் நாள் முடிந்து நாலாம் நாள். அதற்குப் பிறகு யாரும் அவனைக் காணவில்லையாம்.

நான் போய் நின்றால் அவனை விடுவார்கள் என்று ஒரு நினைப்பு. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலைதான். இருந்தாலும் அடுத்த நாள் காலை ஓமந்தைக்குப் போனேன். பாதை பூட்டிக் கிடந்தது. சாமான் லொறி தவிர ஒன்றும் உள்ளே போவதில்லை. காவலில் நின்ற ஆமிக்காரனிடம், என்னை உள்ளே விடுங்கள், என் ஊர் கண்டாவளை என்றேன்.

"உள்ள போறது?" என்றான் அவன் தனக்குத் தெரிந்த தமிழில். "எல்லா ஆளும் வெளிய வர அழுகிறது. நீ உள்ள போக அழுகிறதா?"

மூன்று நாள் தொடர்ந்து போனேன். மூன்றாம் நாள் துவக்கை நீட்டித் துரத்தினான். செஞ்சிலுவைக் காரியாலயத்தில் பாலனுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். எந்த முகவரிக்கு என்று கேட்டார்கள்.  வீட்டு முகவரியையே எழுதினேன்.

வவுனியாவிலேயே நெளுக்குளம் பக்கத்தில் வீரம்மாக்கா இருக்கிறா என்று கேள்விப்பட்டு ஒரு பின்னேரம் போனேன். கண்டாவளையில் எங்களுக்கு அடுத்த காணிக்காரி. அம்மா போனபிறகு பாலனுக்குச் சோறு போட்டு வளர்த்தவ என்றே சொல்லலாம். கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தா. என்னைக் கண்டதும் கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு எழும்பி, மேலும் கீழும் பார்த்தா.

"கனடாவில இருந்து எப்ப வந்தனீ தம்பி?" என்றா.

 அவ பதிலுக்கு நிற்கவில்லை. வாளியைக் கவிழ்த்துப் போட்டு என்னை இருக்கச் சொல்லிவிட்டுத் தானே சொல்லத் தொடங்கினா.

"பங்குனி ஆறாம் திகதி விடியத்தான் நாங்கள் நாலு குடும்பம் களவா வவுனியாவுக்கு வெளிக்கிட்டனாங்கள். ஒட்டுசுட்டான் பக்கத்தால காட்டுக்குள்ளால. பாலனும் எங்களோட வாறதெண்டுதான் கதை. உன்ர பாஸ் முதல் நாளோட முடியுதெல்லோ. வழிக்கெண்டு அவலும் சக்கரையும் கட்டி வச்சிருந்தவன். அஞ்சாம் திகதி பின்னேரம் கிளிநொச்சிக்குப் போய் உன்னோட ரெலிபோன் கதைச்சிட்டு வந்தான். வந்து, 'அக்கா நான் வரேல்ல. அண்ணா கனடாவில இறங்கிட்டார். இனி என்னை ஒருத்தரும் தொடமாட்டினம். நான் ஓடினால் அண்ணா கதைக்கிறதும் பழுதாப் போயிடும்' எண்டான். நான் எவ்வளவோ சொன்னனான். கேக்கேல்ல. அந்த அவலை என்ர பிள்ளையளுக்கெண்டு தந்துவிட்டவன்."

"காட்டுக்குள்ள..." என்றேன்.

"ரெண்டு நாள். ஆனை நிண்டதுதான். ஆனால் ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை தம்பி. நாலு குடும்பமும் முழுசா வந்து சேந்தது. பிள்ளையளுக்கு அவன்ர அவல்தான் சாப்பாடு." என் முகத்தைப் பார்த்தா. "நீ அங்க இருந்து கதைச்சனிதானே? அவனை விட்டுட்டினமோ?"

"நான் கனடாவுக்குப் போகேல்ல அக்கா."

"என்ன?"

"போகவேயில்லை. அண்டைக்கு நான் சீனாவில நிண்டனான்."

வீரம்மாக்கா ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அப்ப அவன் ஆரின்ர சொல்லை நம்பி நிண்டவன்?" என்று கேட்டா.

"என்ர சொல்லை" என்றேன்.